கடைசிச் சொட்டும் தீர்ந்துபோச்சு

என் ஸ்டெல்லாக்கா,

நீ போனதுக்கப்புறம் உன் வீட்டுக்குன்னு சாணார்பட்டி பஸ்ஸில் ஏற எனக்குக் காரணமே இல்லாமல் போச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, ஒரு கை அரிசி போட்டு வடிச்சு, சுவரைப் பார்த்துச் சாப்பிடுறேன். உப்பு சரியா இருக்கான்னு சொல்லக்கூட ஆளில்லை.

"சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு உப்புப் போடத் தெரியாதவ, லேப்புல போய் என்னத்தடி கிழிக்கிற?"ன்னு கேட்பியே. அங்கேயும் உப்புப் போடுற வேலைதான்க்கா. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் மிதக்கிற தண்ணி செவப்பா இருக்கும். ஒருத்தரோட டிஎன்ஏவையும், அதில் மரபணு மாற்றத்தைத் தேடுற சின்ன இழையையும் அந்தத் தண்ணியில் விட்டு, உப்புக் கரைசல் சேர்ப்போம். உனக்கு மார்புப் புற்றுநோயைக் கொடுத்த அந்த மாற்றம் இருந்தா நீலமாயிரும். இல்லைன்னா செவப்பாவே நிற்கும்.

சோதனை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க, மாற்றம் இருக்கிற ஒரு டிஎன்ஏவையும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வைக்கணும். அது உன்னோடது. படுக்கையில் கிடந்தப்ப நீயே கையை நீட்டிக் கொடுத்த ரத்தம். நீ நீலமாகுறப்பல்லாம் "இங்கதான்டி இருக்கேன்"னு சொல்ற மாதிரி இருக்கும். பைத்தியக்காரிதான், என்ன செய்ய?

எடுக்க எடுக்க அதுவும் வத்திப்போச்சு. ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். செஞ்சு விக்கிற டிஎன்ஏவை வாங்கிக்கலாம்னு எங்க லேப் சார் சொல்லிட்டார். நான் உன் குழாயைக் குளிர்பெட்டியோட அடித்தட்டுல ஒளிச்சு வச்சுக்கிட்டேன்.

போன மாசம் உன் மக ஜெனி வந்தா. பொண்ணு கேட்டு வந்திருக்காங்களாம். "அம்மாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கான்னு முதல்ல பார்த்துருவோம் சித்தி"ன்னா. ரத்தம் எடுக்கிறப்ப, "பக்கத்துல அம்மாவும் இருக்கட்டும்"னு கேட்டா.

பெத்த மகளுக்குக்கூட உன்னைக் கொடுக்க மனசு வரலைக்கா. அம்புட்டுக் கஞ்சத்தனம்.

அப்புறம் உன் குழாயை எடுத்தேன். உப்பு விட்டேன். நீ நீலமாயிட்ட. உன் பக்கத்துல அவ செவப்பாவே நின்னா. பெரிய ஆஸ்பத்திரியிலயும் பார்த்தாச்சு, அவளுக்கு இல்லவே இல்லை.

ஜெனி கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் அழுதேன். சந்தோஷம்னு நினைச்சிருப்பா. பாதி அதுதான். மீதி, உன்னை என் கையாலயே தீர்த்துட்டேனேன்னு.

அவ கல்யாணத்துல உன் இடத்துல நான் நிற்கிறேன், இது சத்தியம். பந்திக்கு முன்னாடி வெஞ்சனத்துல உப்புப் பார்க்கக் கூப்பிடுவாங்க. பார்க்கிறேன். ஆனா சரியா இருக்கான்னு நான் யாரைக் கேட்பேன்?

இன்னமும் உப்புப் போடத் தெரியாத
உன் தங்கச்சி,
செல்வி