அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்

மார்ச் 2, திங்கள்

லாரி ஓட்டும் விளையாட்டின் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று வழிமேல் விழி வைத்திருந்தேன். வருகிறது. ஆனால் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே எவனோ புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறான். விளையாட்டைச் செய்தவனுக்குப் பணத்தைக் கொட்டி, ஒரு வருடத்துக்குத் தன் கடையில் மட்டும்தான் விற்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டானாம்.

"அதுக்கென்னம்மா, அந்தக் கடையில வாங்கிட்டாப் போச்சு. அதே கம்ப்யூட்டர்தானே?" என்கிறான் மகன்.

அதுதானே என் கேள்வியும்? அதே கம்ப்யூட்டர், அதே லாரி. கடை மட்டும் ஏன் அவன் காட்டுகிற கடையாக இருக்க வேண்டும்?

மார்ச் 3

மாலையில் வழக்கம்போலப் பழைய விளையாட்டில் மூவரும் வரிசையாக லாரியில் செங்கல் ஏற்றிக்கொண்டு போனோம். முன்னால் நான். அடுத்து சம்பந்தி, மருமகளைப் பெற்றவள், வேறு ஊரில் இருக்கிறாள். கல்யாணத்தில் என்னோடு இரண்டு வார்த்தை பேசாதவள். லாரி ஓட்ட ஆரம்பித்த பிறகு வாயை மூடியதில்லை. கடைசியில் பல் டாக்டர். அவரை விளையாட்டில்தான் தெரியும்.

ஓட்டிக்கொண்டே மைக்கில் சொன்னேன்: "ஒரு வருஷம் பொறுத்தா நம்ம கடைக்கே வந்துடும். அதுவரைக்கும் யாரும் அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

"என் உசிரே போனாலும் மாட்டேன் சம்பந்தி!"

"நீங்க சொன்னா சரிம்மா," என்றார் டாக்டர். 'வலிக்காது' என்று சொல்லிப் பல்லைப் பிடுங்குவதும் இதே குரலில்தான் இருக்கும்.

மார்ச் 5

எங்கள் கடையின் கருத்துப் பகுதியில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். ஏகப்பட்ட பேர் ஆமோதித்திருக்கிறார்கள். ஒருவன், "தம்பி, நறுக்குன்னு சொன்னே" என்று எழுதியிருக்கிறான். எனக்கு இரண்டு பேத்திகள். இருந்தாலும் நறுக்கென்றுதான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதே நல்லது. மேலே படித்திருந்தால் வளவளவென்று எழுதியிருப்பேன்.

மார்ச் 20

விளையாட்டு வெளிவந்துவிட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னோட்டப் படத்தை மட்டும் பார்த்தேன். நாலைந்து தடவை.

மார்ச் 24

சம்பந்திக்குத் தலைவலியாம். ஓட்ட வரவில்லை.

மார்ச் 25

இன்றும் தலைவலி. டாக்டருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்.

மார்ச் 28, சனி

சாப்பிடும்போது மருமகள், "எங்கம்மா பாவம் அத்தை. பனியில டயர் வழுக்குது, பிரேக்கே பிடிக்கலன்னு ஒரே புலம்பல்," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் பழைய விளையாட்டில் பனியே கிடையாது. நிஜத்தில் சம்பந்தியிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

தலைவலியாம் தலைவலி! உசிரே போனாலும்னு சொன்ன வாயா இது? வாங்கினதுகூடப் போகட்டும் — எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்கு அது பெரிய விஷயம் என்று ஆகிவிடும்.

ஏப்ரல் 6

தனியாக ஓட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவளுக்கு ரோடு முழுக்கச் சொந்தம். ரோட்டில் வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் 9

அந்தக் கடைக்குள் போனேன். எதிர்க்கிறவள் எதிரியின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வாங்கியவர்கள் குறை எழுத ஓர் இடம்கூட வைக்கவில்லை, பாவிகள். ஆனால் உள்ளே வந்தவுடன் பாதி விலைக்குக் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பனை வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வேறு பெயரில் வாங்கினேன்.

ஏப்ரல் 10

பனி அழகாகத்தான் இருக்கிறது. கண்றாவி.

மலை ரோட்டில் எனக்கு முன்னால் இரண்டு லாரிகள். ஒன்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் பங்க்கில் புகுந்து புறப்பட்டது. உலகத்திலேயே ஒருத்திதான் அப்படி ஓட்டுவாள். மற்றது அவள் வரும்வரை ஓரமாகப் பொறுமையாய் நின்றது. டாக்டரேதான். பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டும் முழித்தன. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் போவது? தள்ளியே பின்னால் போனேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றும் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. சம்பந்தி.

"என்ன பண்றீங்க சம்பந்தி?"

"சும்மா படுத்திருக்கேன். நீங்க?"

"நானும்தான். தலையைத் தூக்க முடியல."

அந்த நேரம் பார்த்துக் கை பட்டு ஹார்ன் அடித்துவிட்டது. என் அறையில் ஒரு தரம். போனுக்குள்ளே, அவள் வீட்டிலிருந்து, இன்னொரு தரம்.

முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது.

"சம்பந்தி," என்றாள். "நான் ஓரமா ஒதுங்கிக்கிறேன். நீங்க முன்னால போங்க. ரோடு வழுக்குது, பாத்து."

ஒதுங்கினாள். டாக்டரும் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கினார். முன்னால் போனேன்.