பின்விளக்குக்குத் தனி சுவிட்ச்

ஐப்பசி 14, வியாழன். ராஜபாளையம்.

மூன்று மாதமாக எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்து, வத்திராயிருப்பு தோப்புக்காரரின் பழைய ஜீப்பைப் பிரித்துச் சேர்த்தேன். துருப்பிடித்த தரைத் தகட்டை மாற்றினேன். பவர் ஸ்டீயரிங் வைத்தேன். வேலை முடிகிற நேரத்தில், இன்று வந்து புதிதாக ஒன்று கேட்கிறார். பின்விளக்குகளுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டுமாம். அதை அமுக்கினால், பிரேக் பிடித்தாலும் பின்னால் சிவப்பு எரியக் கூடாதாம்.

"எதுக்கு மொதலாளி?" என்றேன்.

"தோப்புக்குள்ள பன்னி வருதுலே. வெளிச்சம் பட்டா ஓடிருது."

ஓடினால் நல்லதுதானே? மாங்கன்றைக் காப்பாற்றுகிறவன் பன்றி நிற்க வேண்டும் என்றா நினைப்பான்? தோப்பைத் தாண்டினால் காடு. ராத்திரி திருட்டு வேட்டைக்குப் போனால், துரத்தி வருகிற வனக்காவலர் கண்ணில் வண்டி படக் கூடாது, அவ்வளவுதான்.

ஓட்டப்போவது அவரிடம் டிரைவராக இருக்கும் என் அக்கா புருஷன். பிடிபட்டால் உள்ளே போவதும் அவர்தான். முதலாளி அந்த நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் நின்றதாகச் சொல்ல நாலு பெரிய மனிதர்கள் வருவார்கள்.

மச்சானிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் வராது மாப்ள? ஒங்க அக்கா போடுற காப்பியிலயும் வரும். பேசாம மாட்டிக் குடு, நாளைக்கு வண்டிய எடுக்கணும்."

சிரித்தாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. இவருக்கும் எல்லாம் தெரியுமோ?

சுவிட்சை வைத்துவிட்டேன். ஒயர் கொடுக்கவில்லை. நாளை முதலாளி அதை அமுக்கிப் பார்க்கும்போது, மச்சானையும் வண்டிக்குப் பின்னால் நிறுத்துவேன். விளக்கு அணையாது. யார் முகம் முதலில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மச்சான் முகமாக இருக்கக் கூடாது.