இவருக்கும் ஒரு ஊசி

ஜனவரி 5, திங்கள்

கும்மிடிப்பூண்டி முழுக்கப் பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. துணி காயாது. பொன்னேரியில் செக்கப், ஒன்பது மணி ரயில்.

எடை 61. ஹெச்.பி. 10.2. கால் வீக்கம் இல்லை. 28 வாரம். இரும்பு மாத்திரை தொடரணும்.

டாக்டரம்மா கக்குவான் இருமல் ஊசி என்றார். போன பிரசவத்துக்குப் போட்டீங்களா? இல்லை. சுகாதார நிலையத்தில் டி.டி. போட்டார்கள், எல்லாம் அதிலேயே அடக்கம் என்று இருந்துவிட்டேன்.

"அதுல கக்குவானுக்கு மருந்து இல்லம்மா. இது வேற. உங்களுக்குப் போட்டா வயித்துக் குழந்தைக்கும் பாதுகாப்பு போகும். ஒவ்வொரு தடவையும் போடணும்."

பழைய ஃபைலைப் புரட்டினார். பாப்பா எதனால் போனாள் என்று அதில் இருக்கிறது. அப்புறம் குரல் தாழ்ந்துவிட்டது. இந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பிடிக்காது.

ஊசி இடது கையில். அடுத்து உட்கார்ந்திருந்த பெண், "வலிக்குமாக்கா?" வலிக்கும் என்றேன். பொய் எதற்கு.

கிளம்பும்போது டாக்டரம்மா: "வீட்டுக்காரருக்கும் போட்டுடுங்க. குழந்தையை யார் யார் தூக்குவாங்களோ அவங்களுக்கெல்லாம்."

ஜனவரி 6, செவ்வாய்

கை கனக்கிறது. குடத்தை இவர்தான் தூக்கினார். வழியெல்லாம் தண்ணீர்.

ஊசி விஷயம் சொன்னேன். சிரிப்பு. "எனக்கு இன்னாத்துக்கு ஊசி? நான் இன்னா புள்ள பெத்துக்கப் போறனா?"

"ஒரு வாரமா இருமிக்கினே இருக்கீங்களே."

"கம்பெனி தூசு சுதா. இங்க இருமாதவன் எவன் சொல்லு."

அதுவும் உண்மை. தெருவில் பாதி ஆண்கள் இரும்புக் கம்பெனி வேலை. எல்லா வீட்டிலும் இருமல் சத்தம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போதும் அப்படித்தான் விட்டோம்.

வாங்க: ரவை, வெல்லம், கொசுவத்தி.

ஜனவரி 7, புதன்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

ரெண்டு வருஷம் முன்னால். வளைகாப்பு முடிந்து, பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில், அம்மா வீட்டில். டாக்டரம்மா ஏதோ ஊசி, வந்துட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா விடவில்லை. "வளையல் போட்டுக்கினு வந்தவ ஆத்தைத் தாண்டக் கூடாது. பிரசவத்துக்குத் தாண்டினா போதும்." எனக்கும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகச் சோம்பல். டி.டி.தான் போட்டாச்சே. படுத்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

பாப்பா முப்பத்து மூணு நாள் இருந்தாள். ஒன்றரை மாத ஊசிக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி. பெரிதாக இருமக்கூட இல்லை. முகம் சிவக்கும், உதடு நீலமாகும், மூச்சு நிற்கும். சென்னை ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது அங்கிருந்த சின்ன டாக்டர் கேட்டார், வீட்டில் யாருக்காவது ரொம்ப நாளாக இருமலா என்று. இந்த வயசுக் குழந்தைக்குப் பெரியவர்களிடமிருந்துதான் வருமாம்.

என் வீட்டுக்காரருக்கு, என்றேன். ஒரு மாசமாக. அவரிடம் சொல்லாதீங்க சார்.

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் லேட்டாக வந்ததால்தான் என்று இவர் இன்றுவரை திட்டுகிறார். திட்டட்டும் என்று விட்டேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் எழுந்து வேலைக்கே போனார்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். போர்வை ரெண்டும் துவைத்தேன்.

மறுபடி கேட்டேன். "லீவு போட்டா சூப்பர்வைசரோட பேஜாரு. உனக்குப் போட்டாச்சு இல்ல, உடு."

டாக்டரம்மாவை விட்டே சொல்லச் சொல்லலாமா? ச்சீ. அது நல்லா இல்லை.

வயிற்றில் நல்ல உதை. பாப்பா விஷயத்தை இவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் இவர் தாங்கமாட்டார். சொல்லாமல் விட்டு, இதற்கும் ஒன்று ஆனால் நான் தாங்கமாட்டேன். பயமாக இருக்கிறது.

ஜனவரி 10, சனி

இவருக்கு அரை நாள். காராமணிக் குழம்பு, அப்பளம். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுத்தேன்.

சொல்லிவிட்டேன். நான் ஊசிக்குப் போகாததை முதலில், பழி மொத்தமும் இவர் தலையில் விழக் கூடாது என்று. அப்புறம் டாக்டர் கேட்டது, நான் சொன்ன பதில்.

கை கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். சோறு கையில் காய்ந்துபோச்சு.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அந்தச் சின்ன டாக்டருக்கும் மட்டுந்தாங்க."

பாப்பா பிறந்தபின் தினமும் ஷிஃப்ட் முடித்து பைக்கில் ஆரணிக்கு வருவார். கம்பெனி அழுக்கு குழந்தை மேல் படக் கூடாது என்று குழாயடியில் மூணு தடவை சோப்பு போடுவார். அம்மாகூடக் கேலி செய்வாள். அப்புறம்தான் கையில் வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொள்வார்.

"நான் குளிச்சிட்டுத்தானே தூக்கிக்கினேன் சுதா."

ஆமாங்க, குளிச்சிட்டுத்தான், என்றேன். அழுதேன். இவர் அழவில்லை.

ஜனவரி 12, திங்கள்

லீவு போட்டுவிட்டு வந்தார். பொன்னேரியில் டாக்டரம்மா இருமலுக்கும் சோதித்துப் பார்த்து மாத்திரை எழுதினார். ஊசி போடலாம் என்றார்.

நர்ஸ் கேட்டாள், "எந்தக் கைல போடட்டும்ணா?"

ரெண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். இடது கைச் சட்டையை நானே மடித்துவிட்டேன்.