பூ முடியும்வரை

சாமர்செட், 9 மார்ச் 1974

அன்புத் தம்பி ஆம்புரோஸுக்கு,

அக்கா தர்சா எழுதிக்கொள்வது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது, நம் லட்சணம் அப்படி. உன் தோட்டத்தை மாட்டுப்பண்ணைக்காரன் வாங்கிவிட்டான், மரங்களை வெட்டப்போகிறான் என்று ஆப்பிள் பிழிந்து சைடர் மது எடுக்கும் மில்லில் சொன்னார்கள். என் சிவப்பி ஆப்பிள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. ஊரே பூத்து உதிர்ந்த பிறகுதான் அது பூக்கும். அப்போது கூடப் பூப்பது உன் புளிப்பு மரங்கள் மட்டும்தானே. அவை போனால் எனக்கு ஏது காய், ஏது சைடர்? யோசித்துப் பார்.

அக்கா தர்சா

16 மார்ச்

அக்காவுக்கு,

யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இனி மரம் உலுக்க என்னால் ஆகாது. பிரிஸ்டலில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அப்பா பாகம் பிரித்த அன்று, "சைடருக்கு உசத்தியான கசப்பும் இனிப்பும் கலந்த மரமெல்லாம் எனக்கு, வெறும் புளிப்பு உனக்கு. உன் மூஞ்சிக்குப் பொருத்தம்தான்டா"ன்னு சிரித்தது யார்?

ஆம்புரோஸ்

4 மே

தம்பி,

அதை இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய்? கேலிக்குச் சொன்னதுடா. மொட்டு சிவந்துவிட்டது. விடிந்தால் ரம்பச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் நிற்கிறேன். சோறு தண்ணி இறங்கவில்லை. பூ முடியும்வரை பொறுக்கச் சொல். இந்த ஒரு வருஷம் போதும், பிறகு வேறு மரம் தேடிக்கொள்கிறேன்.

தர்சா

20 மே

அக்காவுக்கு,

கெஞ்சிப் பார்த்தேன். "பூவா, எனக்குப் புல்லு வேணும்யா"ன்னுட்டான். இன்று வெட்டுகிறார்கள். நேற்று நீ சர்ச்சில் இருந்த நேரம் பூத்த கிளைகளை ஒடித்துவந்து, வாளித் தண்ணீரில் நிறுத்தி, உன் மரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தேனீ வந்துவிட்டது. தினமும் தண்ணீர் மாற்று. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆம்புரோஸ்

18 ஜூன்

என் தம்பிக்கு,

பிஞ்சு பிடித்திருக்கிறது. எல்லா மரத்திலும் இல்லை, வாளிக்குப் பக்கத்து மரங்களில் நிறைய.

அன்று நான் சர்ச்சுக்குப் போகவில்லை. சமையலறையில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாளிக்கு ஒரு நடையாக எத்தனை நடை. இவ்வளவு நொண்டுகிறாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஓடி வந்து கை கொடுத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தால் கிளைகளோடு திரும்பிவிடுவாயோ என்று பயந்து அசையாமல் நின்றேன். நீ போன பிறகு வெளியே வந்து, முதலில் வாளிகளில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

கால் எப்படியிருக்கிறது, ஆம்புரோஸ்? எப்போதிலிருந்து வலி?

அக்கா