குறை சொல்லாத பிள்ளைகள்

1955 மே 8, ஞாயிறு. கொட்டகலை.

மன்றத்துக்கு இன்று பதினொரு பேர் வந்தார்கள். போன ஞாயிறு ஏழு. பாடசாலைத் திறப்பை நேரத்துக்கே வாங்கிக் கதவைத் திறந்து, உட்காரும் வாங்குகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தேன். வட்டமாக இருந்தால் இளம் பிள்ளைகள் கூச்சமின்றிப் பேசுவார்கள் என்று வாசித்திருக்கிறேன். என் வாசிப்பு இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்துமோ தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருடம் இங்கே தலைமை ஆசிரியனாக இருந்தும், இந்தச் சந்தேகம் தீராமலேதான் ஓய்வு பெற்றேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த பிள்ளைகள். பதினாலு, பதினைந்து வயதில் முகத்தில் வெளிச்சமே இல்லை. அதற்காகத்தான் இந்த மன்றம்.

விதி ஒன்றுதான். அந்தக் கிழமை ஏழு நாளில் தனக்கு நடந்த நல்ல விஷயம் ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து, சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். குறை சொல்லக் கூடாது. குறையைச் சொல்லச் சொல்ல மனம் அதிலேயே ஊறிவிடும் என்பது என் எண்ணம்.

செல்லசாமி எழுந்து, நேற்று முழுக்க ஓர் அட்டையும் தன்னைக் கடிக்கவில்லை, அதுகளுக்கே தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றான். நல்ல சிரிப்பு. மாயாண்டியின் மகள் நாகலெட்சுமி, அழகம்மா திரும்பி வந்த மாதிரிக் கனவு கண்டதாகச் சொன்னாள். அழகம்மா அவளுடைய சிநேகிதி. தை மாதம் கொழும்புக்கு ஒரு வீட்டு வேலைக்குப் போனவள். அதற்கும் கைதட்டினார்கள். கொஞ்சம் பிந்தித் தட்டினார்களோ? அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதோ.

மே 11, புதன்

காலை முழுவதும் பனிமூட்டம். எதிர்க்கடையின் பலகைகூடத் தெரியவில்லை. பிறர் பிள்ளைகளின் மனதுக்குள் கை வைக்க எனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சவரம் செய்தேன்.

மே 15, ஞாயிறு

நல்லமுத்து முதலாளி மன்றத்தைப் பார்க்க வந்தார். நான் குடியிருக்கும் அறை அவருடைய துணிக்கடைக்குப் பின்னால்தான். ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்து தன் கையாலேயே பகிர்ந்தார். கடைசி வாங்கில் அமர்ந்து எல்லாப் பிள்ளைகளும் பேசி முடியும்வரை கேட்டார்.

போகும்போது, "நம்ம புள்ளைங்க இப்படிச் சிரிச்ச மொகமா, பதவிசா இருந்து நான் பாத்ததே இல்ல மாஸ்டர். எப்படிப் பழக்குனீங்க?" என்றார். விதியைச் சொன்னேன். ரசித்தார். இரண்டு மூன்று பெண்பிள்ளைகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

என்னை யாரும் புகழ்ந்து நெடுநாளாகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேனோ என்னவோ.

மே 22, ஞாயிறு

செல்லசாமி இன்று, "கங்காணி என்னையக் கம்பால…" என்று தொடங்கினான். விதியை நினைவூட்டினேன். உட்கார்ந்துவிட்டான். சற்றுப் பொறுத்து மறுபடி எழுந்து, "மழையில நனைஞ்சா எரிச்சல் தெரியல மாஸ்டர், அது நல்ல விஷயம்" என்றான். கைதட்டினோம்.

நாகலெட்சுமி: "இந்த வாரமும் நான் லயத்துலதான் இருக்கேன்."

லயத்து வீட்டின் மேல் பற்று வளர்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மே 30, திங்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மலைப் பக்கத்து ஓடையின் இரைச்சல் அறைக்குள் கேட்கிறது.

ஜூன் 5, ஞாயிறு

நாகலெட்சுமி புதுப் பாவாடை, சட்டையோடு வந்தாள். முதலாளி கடைத் துணி. அப்பா வாங்கித் தந்தாரா என்று கேட்டேன். இல்லை, கடைக்காரரே கொடுத்தார் என்றாள். பாவாடை அவளுக்குப் பெரிது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

நல்ல விஷயம் எது என்றதற்கு, "இது எனக்குப் பெருசா இருக்குங்க. அங்க போயி வளந்து உடுத்திக்கலாம்னாங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பழக்கிய சிரிப்புத்தான்: உதடு மட்டும், பல் தெரியாமல்.

அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த பிள்ளை எழுந்துவிட்டது.

ஜூன் 8, புதன்

கேட்காமலே விடை வந்தது. கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டோடு இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமாம். நாகலெட்சுமியை அனுப்ப மாயாண்டி யோசிக்கிறார் என்று முதலாளி சொன்னார். மூன்று வேளையும் சோறு, மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு என் கையால் ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். 'அமைதியானவள். முகம் சுளிக்க மாட்டாள். எதற்கும் குறை சொல்ல மாட்டாள்.' வாக்கியங்கள் நன்றாக அமைந்தன.

அழகம்மாவும் அந்த வீட்டிலா என்று கேட்டேன். அவள் வேறு இடம் மாறிவிட்டாள் என்று சொல்லிவிட்டு, துணியை மடிக்கப் போனார்.

ஜூன் 12, ஞாயிறு

நாகலெட்சுமி: "என்னையக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாவுக்குக் காய்ச்சலாம்."

எல்லோரும் தட்டினார்கள். இவ்வளவு பலமாக ஒருநாளும் தட்டியதில்லை. நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினேன். இன்னொருவர் நோய்ப்படுவதில் மகிழக் கூடாது என்று அவளுக்குப் பதமாகச் சொன்னேன்.

"சரிங்க மாஸ்டர்" என்றாள்.



ஜூன் 15, புதன்

வேலை விட்டதும் காளியாயி அறைக்கு வந்தாள். மன்றத்தில் வாய் திறக்காத பிள்ளை. மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டபடி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, தரை நனைந்துவிடும் என்றாள்.

அழகம்மாவின் தாய் ராசம்மா போன மாதம் கொழும்புக்குப் போனாளாம், முதலாளி கொடுத்த விலாசத்தைத் தேடிக்கொண்டு. "அப்படி ஒரு புள்ளயே இங்க வரலன்னுட்டாங்களாம். அந்த வாசல் கேட்டுக்கிட்டயே ரெண்டு நாள் குந்தியிருந்துட்டு வந்துட்டாங்க. முதலாளிக்கிட்டக் கேட்டா எடம் மாறிட்டாங்கிறாரு. எந்த எடம்னு கேட்டாத் திட்டுறாரு."

இவ்வளவு நாளும் இதை ஏன் மன்றத்தில் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நீங்கதானே கெட்டதச் சொல்லக் கூடாதுன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விதி மறந்துவிட்டது என்று நினைத்து நினைவூட்டினாள்.

என்ன செய்துபோட்டன் நான். பிள்ளையள் கிழமைக்குக் கிழமை எனக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்ததுகள். லயத்திலைதான் இருக்கிறன் எண்டாள், கைதட்டினன். காய்ச்சல் எண்டாள், புத்தி சொன்னன். எனக்கேன் விளங்கேல்லை?

ஜூன் 16, வியாழன்

மாயாண்டியின் லயத்துக்குப் போனேன். மகளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"எனக்கு மொதல்ல மனசே இல்லீங்க. ராசம்மா அழுவுறதப் பாத்துட்டு எப்படி மனசு வரும்? மாஸ்டரே நல்ல எடம்னு எழுதிக் குடுத்துட்டாருன்னு முதலாளி கடுதாசியக் காட்டுனாரு. அப்பறந்தான் சரின்னேன்."

நான் இடத்தைப் பற்றி எழுதவில்லை, பிள்ளையைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஏன் விளங்க வேண்டும்? ஒத்துக்கொண்டாயிற்று, பேச்சு மாற முடியாது, செவ்வாய்க்கிழமை ரயில் என்றார். நாகலெட்சுமி அடுப்படியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து சிரித்தாள்.

ஜூன் 17, வெள்ளி

முதலாளியிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்; தபாலில் போய்விட்டது என்றார். அழகம்மா எங்கே என்றேன். அவர் பேச்சை நாகலெட்சுமி பக்கம் திருப்பினார்.

"அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டுத்தானே மாஸ்டர் இருக்கு? சிரிக்கிற புள்ளைய எதுக்கு அழ வைக்கப் பாக்குறீங்க?" என்றார். வெகு மரியாதையாக.

பிறகு, என் அறையை யாரோ கேட்டு வந்திருப்பதாகவும், தான் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றும் சொன்னார். தேநீர் கொடுத்தார். குடித்தேன். அதை நினைக்கத்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 19, ஞாயிறு

விதி இனி இல்லை என்றேன். இன்று கெட்டதைச் சொல்லலாம், விரும்பினால் அழலாம் என்றேன்.

பிள்ளைகள் வட்டமாக இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். இப்படி ஒரு பயம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

கடைசியில் நானே எழுந்தேன். அழகம்மா எங்கே என்று தெரியவில்லை என்றேன். தெரியாமலே நாகலெட்சுமிக்கும் கடிதம் கொடுத்தேன், முதலாளிக்கு எதிரே நின்று பேச எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். பிள்ளைகளின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

செல்லசாமி சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். இந்த முறை அவனிடம் சிரிக்க வைக்கும் பகிடி ஒன்றும் இல்லை. காளியாயி அழகம்மாவைப் பற்றிச் சொன்னாள். கதவைப் பூட்டும்போது நாகலெட்சுமி பக்கத்தில் வந்து, "எனக்கு ராத்திரியெல்லாம் வயிறு நடுங்குதுங்க. சொன்னா அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

ஜூன் 21, செவ்வாய்



ரயிலடிக்கு முன்கூட்டியே போய்விட்டேன். முதலாளி வந்தார். யாரோ ஒரு பெண்பிள்ளை, நான் அறியாதவள், மூட்டையோடு அவருக்குப் பின்னால் நின்றாள். மாயாண்டி மகளோடு வந்தார். காய்ச்சல் என்ற அம்மா வரவில்லை. முதலாளியே கூட்டிக்கொண்டு போகிறாராம்.

நான் எழுதிய கடிதம் பிழை, அழகம்மாவைக் காணவில்லை, பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று மாயாண்டியிடம் சொன்னேன். நாலு பேருக்குக் கேட்கச் சொல்ல நினைத்தேன். என் குரல் மாயாண்டிக்கே சரியாகக் கேட்டிருக்காது. மாஸ்டருக்கு வயதாகிவிட்டது என்று முதலாளி பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். ரயில் வந்துவிட்டது. அவர் நாகலெட்சுமியின் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"சிரியாதை பிள்ளை" என்றேன். "அழு. நல்லாச் சத்தமா அழு."

அவள் அழுதாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, பெட்டிகளில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்க, "நான் போ மாட்டேன்ப்பா, என்னைய அனுப்பாதப்பா" என்று ஓலமிட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் என்ன விஷயம் என்று வந்தார். முதலாளிக்குக் கூட்டம் பிடிக்கவில்லை. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஏறினார். மாயாண்டி மகளைத் தூக்கி நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே கூட்டிக்கொண்டு போனார்.

மற்றப் பிள்ளையும் ஏறிவிட்டாள். அவளுக்கு அழச் சொல்ல ஒருவரும் இல்லை. அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஜூன் 23, வியாழன்

அறையைக் காலி செய்தேன். பாடசாலைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது.

ஜூன் 27, திங்கள்

ராசம்மாவோடு ஹட்டன் பொலிசுக்குப் போனேன். சிங்களத்தில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். முதலாளி நல்ல மனிதர் ஆயிற்றே என்றார்கள்.

ஜூலை 10, ஞாயிறு

இருபதுக்கு மேல் வந்தார்கள். வாங்கு போதாமல் சிலர் தரையில். ராசம்மாவும் வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழகம்மாவைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

நாகலெட்சுமி வந்த நேரம் தொட்டுக் குறைதான். விரல் வெடிப்பு, கொழுந்து பறிக்கும் புது மலை செங்குத்து, ரொட்டியில் உப்பில்லை, அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, காளியாயி தன் சீப்பை எடுத்து ஒளித்துவிட்டாள். காளியாயி மறுத்தாள். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. நான் குறுக்கிடவில்லை.

பிறகு செல்லசாமி ஒரு செய்தி சொன்னான். அவனுடைய மாமா பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறார். கொட்டகலையிலிருந்து ஒரு முதலாளி வந்து அங்கே பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் தொடங்கி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டமாக உட்கார வைத்து நல்ல விஷயம் கேட்கிறார்களாம்.

"அங்க எல்லாரும் நல்லா சிரிக்கிறாங்களாம் மாஸ்டர்" என்றான்.

சீப்புச் சண்டை நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு நான் அங்கே போய் இங்கே நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க போயிச் சொன்னா அதுங்க ஒங்களப் பாத்தும் சிரிக்கும்" என்றாள் நாகலெட்சுமி. "நானும் வர்றேன்."

அதற்கு மாயாண்டியின் சம்மதம் வேண்டும். அவர் என்னைக் கண்டால் பாதையை மாற்றுகிறவர். மழை சற்று விட்டிருக்கிறது. இருட்டுமுன் லயத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.