மனைவி இல்லாத ஜாமீன்

ஜெனிவால்டோ,

குக்கரில் பீன்ஸ் இருக்கிறது, மேலே மரவள்ளி மாவைத் தூவிக்கொள்ளுங்கள். நான் கருவாரு கோர்ட்டுக்குப் போகிறேன்.

உங்கள் தம்பி கம்பெனியின் கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீன் பத்திரத்தை வக்கீல் லுசிமாரா படித்துவிட்டாள். “நம்ம நாட்டுச் சட்டப்படி பொண்டாட்டி கையெழுத்து இல்லேன்னா ஜாமீன் செல்லாதுக்கா. ஆனா மாமா தனக்குக் கல்யாணமே ஆகலைன்னு எழுதிக் கொடுத்திருக்காரே. பொய் சொன்னவர் தப்பிக்க முடியாது. கடனுக்கு ஜப்தியான உங்க ரெண்டு பேர் தையல் கூடத்துல உங்க பாதியை மட்டும்தான் காப்பாத்தலாம்,” என்றாள்.

கேட்டால் மறுப்பேன் என்று தெரிந்துதானே அப்படி எழுதினீர்கள். உங்கள் பாதி ஏலத்துக்குப் போகட்டும், நான் அழமாட்டேன்.

பிரஷர் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

கல்யாணச் சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன், தேடாதீர்கள். இத்தனை வருஷம் உங்களுக்குப் பொண்டாட்டியாக இருந்ததை நீதிபதியிடம் இன்று நான்தான் நிரூபிக்க வேண்டுமாம்.

டால்வனீரா