ஆமை மேல ஏறிப் போனவன்

குளுவாங், மலாய் நாடு, 1931 ஆவணி

ஆத்தாவுக்கு ஒன் மகன் வீரணன் கால்ல விழுந்து எழுதுறது. நான் நல்லா இருக்கேன். ஒன் முட்டி வலி எப்படி? படிச்சுக் காட்டுற தபால்காரரே, எதையும் விட்டுறாம படிங்க.

இங்க சப்பான்கார தொரை வீட்டுல கூட்டித் தொடைக்குற வேலை. கூடத்துல ஒரு கறுப்புப் பெட்டி, அரக்குப் பூச்சு, பளபளன்னு இருக்கும். மூடியில தங்கக் கோட்டுல ஆமை மேல ஒரு ஆளு. பெருமாளோட ஆமை அவதாரம்னு நெனச்சு, வெள்ளிக்கிழமை மூடி மேலயே சூடம் ஏத்திட்டேன். பூச்சு கொப்புளிச்சுப் போச்சு.

தொரையம்மா அடிக்கல. "அலமாக், சாமி இல்ல லா, மீன் பிடிக்கிறவன்"னு மலாயும் சாடையுமா சொன்னாங்க. அலமாக்னா இங்க ஐயையோ, லா சும்மா பேச்சு இழுப்பு. ஆமை அவன கடலுக்கடியில ஒரு அரமணைக்குக் கூட்டிட்டுப் போச்சாம். மூணு நாள்தான் இருந்தானாம். திரும்பி வந்தா ஊருல முந்நூறு வருசம் ஓடிப்போச்சாம். ஆத்தாளும் இல்லையாம்.

வேலை போகல, பயப்படாத. ஆனா பள்ளிக்கூடத்த விட்டு ஓடியாந்து நாலு வருசமாச்சு. பொங்கலுக்கப்புறம் ஒங்கிட்டேருந்து ஒரு கடுதாசிகூட இல்ல.

எழுத ஆளில்லேன்னா வெறும் தாளுல கைநாட்டு வச்சு அனுப்பு. மைய நல்லாத் தொட்டு வையி. ஒன் கட்டவெரல்ல அருவா வெட்டுன தழும்பு எனக்குத் தெரியணும்.

தபால் ரயிலு வந்துருச்சு.

வீரணன்